போக்கிமான் விளையாட்டுகளில் டி.எம்., எச்.எம். கருவிகள்

டி.எம். எனப்படும் டெக்னிக்கல் மெஷின், எச்.எம். எனப்படும் ஹிடன் மெஷின் ஆகியவை போக்கிமான் நிகழ்பட விளையாட்டுகளில் உயிரினங்களுக்குப் புதிய வித்தைகளைக் கற்றுத்தரும் பொருள்கள் ஆகும். ஓர் உயிரினம் ஒரே நேரத்தில் நான்கு வித்தைகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். ஆகவே ஒன்றைக் கற்பிக்க மற்றொன்றைக் கைவிட நேரும். ஒரு கருவியை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்னும் விதி 1996 முதல் பலமுறை மாறியுள்ளது.

தொடக்கம்

கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கிய ரெட், கிரீன் விளையாட்டுகள் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம் பாய் கருவிக்கு வெளியாயின. இவற்றில் 50 டி.எம்.களும் 5 எச்.எம்.களும் இருந்தன. டி.எம். ஒருமுறை பயன்படுத்தியதும் தீர்ந்துவிடும். நிலநடுக்க வித்தையைத் தரும் 26ஆம் எண் டி.எம். போன்ற சில, ஓர் ஆட்டத்தில் ஒன்றுதான் கிடைத்தன. தவறான உயிரினத்துக்குக் கொடுத்துவிடுவோமோ என்ற தயக்கத்தில், பலர் அவற்றைக் கடைசிவரை பயன்படுத்தாமலேயே பையில் வைத்திருந்தனர்.

எச்.எம்.களின் சிக்கல்

ஜப்பானிய மொழியில் எச்.எம். 'ஹிடென் மெஷின்' எனப்படுகிறது. 'ஹிடென்' என்பது குருவிடமிருந்து சீடருக்கு இரகசியமாகக் கைமாறும் வித்தையைக் குறிக்கும். எச்.எம்.களை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். மரத்தை வெட்டுதல், நீரைக் கடத்தல், பறத்தல் போன்ற வழித்திறக்கும் வித்தைகளை இவை கற்பித்தன. கடல் கடந்து ஒரு தீவுக்குச் சென்ற ஆட்டக்காரர் அந்த வித்தையை அழித்துவிட்டால் திரும்ப வழியின்றிச் சிக்கிக்கொள்வார். எனவே எச்.எம். வித்தைகளை மறக்கவைக்க முடியாதபடி விதி அமைக்கப்பட்டது. 1999இல் வெளியான கோல்ட், சில்வர் விளையாட்டுகளில், வித்தைகளை மறக்கச் செய்யும் ஒரு கதாபாத்திரம் சேர்க்கப்பட்டது. ஆயினும், இவ்வித்தைகளைச் சுமப்பதற்கென்றே ஓர் உயிரினத்தை அணியில் வைத்திருக்கும் வழக்கம் தொடர்ந்தது.

2010 மாற்றம்

2010இல் வெளியான பிளாக், ஒயிட் விளையாட்டுகளில் எல்லா டி.எம்.களும் தீராத கருவிகளாயின. ஒரே கருவியால் பல உயிரினங்களைப் பயிற்றுவித்து, வெவ்வேறு போர்முறைகளைச் சோதிக்க முடிந்தது. ஆனால் இதில் ஒரு குறுக்குவழிக்கு இடமிருந்தது. ஒவ்வொரு வித்தையையும் இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்ற வரம்பு உண்டு. வித்தையை மாற்றி மாற்றிக் கற்பித்து அந்த எண்ணிக்கையை இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். இதைத் தடுக்க, பழைய வித்தையில் எஞ்சியிருந்த அளவைப் புதிய வித்தை தாண்டாதபடி செய்தனர்.

2016இல் சன், மூன் விளையாட்டுகள் எச்.எம்.களை முற்றிலும் நீக்கின. வழித்திறக்கும் பணி, அணியில் சேராத சவாரி உயிரினங்களுக்குச் சென்றது.

பிற்காலம்

2019இல் வெளியான சுவார்ட், ஷீல்டு இரு முறைகளையும் இணைத்தன. தீராத 100 டி.எம்.களுடன் ஒருமுறை மட்டும் பயன்படும் 100 டி.ஆர்.களும் வந்தன. 2022இல் வெளியான ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளில் டி.எம். மீண்டும் தீரும் பொருளானது. ஆனால் உயிரினங்களிடமிருந்து கிடைக்கும் பொருள்களையும் புள்ளிகளையும் செலுத்தி, அதற்கான இயந்திரத்தில் மறுபடி தயாரிக்கலாம். பழைய பற்றாக்குறைக்குப் பதிலாக உழைப்பு விலையாயிற்று.

இந்தியாவில்

2016 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த கைபேசி விளையாட்டான போக்கிமான் கோ, 2017இல் டி.எம்.களைச் சேர்த்தது. அவை ஒருமுறை மட்டுமே பயன்படும். முதன்மை விளையாட்டுகளை ஆடாத தமிழ் ஆட்டக்காரர் பலருக்கு டி.எம். அறிமுகமானது இவ்வடிவிலேயே ஆகும்.