மலிவு விலை அகலக்கோண லென்ஸின் கதை

மலை, வயல், கடற்கரை என விரிந்த காட்சிகளைப் படம் பிடிக்க அகலக்கோண லென்ஸ் வேண்டும். புதியதன் விலை நம் போன்ற பென்ஷன்காரர்களை மிரட்டும். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ்களோ சகாயமாகக் கிடைக்கின்றன. அவை பிறந்த கதை சுவையானது.

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் அசையும். அகலக்கோண லென்ஸோ ஃபிலிமை நெருங்கி இருக்க வேண்டியது. இடம் இல்லை. 1950-இல் பிரான்சின் ஆஞ்செனியூ நிறுவனம், முன்பக்கம் ஒரு குழிலென்ஸை வைத்து இதைத் தீர்த்தது. 'ரெட்ரோஃபோகஸ்' என்று பெயரிட்டது. கிழக்கு ஜெர்மனியின் ஃபிளெக்டகான், சோவியத் நாட்டின் மிர்-1 ஆகியவையும் அதே வழியில் வந்தன. 37 மி.மீ. மிர்-1, 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் 'கிராண்ட் பிரீ' பரிசு பெற்றது. அந்தப் பெருமையை லென்ஸின் முகப்பிலேயே பொறித்தார்கள்.

இன்றைய மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. ஒரு அடாப்டர் வளையம் இருந்தால் பழைய லென்ஸ் பொருந்திவிடும்.

வாங்குவோர் கவனிக்க: ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் 28 மி.மீ. நல்லது. துளையை எஃப்/11-இல் வைத்து, எட்டடி தூரத்துக்கு ஃபோகஸ் செய்தால், நாலடி முதல் தொடுவானம் வரை தெளிவாக விழும். சென்சார் சிறிய ஏ.பி.எஸ்.-சி கேமராவில் அதே லென்ஸ் 42 மி.மீ. போல் குறுகிவிடும், அகலம் போச்சு. கடைசியாக, டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எத்தனை மலிவானாலும் வேண்டாம்.