ஒரு பெயருக்குள் இரு பறவைகள்

1842-ஆம் ஆண்டில் எட்வர்டு பிளைத் என்னும் ஆங்கிலேய அறிஞர் இமயமலைப் பூங்குருவி ஒன்றுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அதன்பின் நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த ஒரே பெயருக்குள் இரண்டு பறவைகள் மறைந்து வாழ்ந்தன என்றால் வியப்பாயில்லையா?

அக்காலத்தில் பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலுரித்து, பஞ்சடைத்து, கண்காட்சிச்சாலையின் இழுப்பறையில் வைத்தே ஆராய்ந்தனர். அடிப்புறம் புள்ளியிட்ட அந்தப் பழுப்புத் தோல்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. பஞ்சடைத்த தோல் பாடுவதில்லையே!

2009-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் சுவீடன் நாட்டு அறிஞர் பேர் ஆல்ஸ்ட்ரோமும் நம் நாட்டு ஆய்வாளர் சஷாங்க் தல்வியும் அருணாசலப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி மலைகளில் ஏறினர். ஊசியிலைக் காட்டுக்குள் பாடிய பூங்குருவியின் குரல் இனிமையாய், இசையோடு இருந்தது. மரங்கள் அற்றுப்போகும் எல்லைக்கு மேலே, பாறைகளிடையே வாழ்ந்த பூங்குருவியோ கரகரத்த குரலில் கத்தியது. ஒரே இனம் இப்படி இருவிதமாய்ப் பாடுமா? இந்தக் கேள்வியுடன் பழைய தோல்களை மீண்டும் எடுத்து அளந்தபோது, முன்பு எவர் கண்ணுக்கும் பொருட்டாய்ப் படாத வேறுபாடுகள் நிறத்திலும் அளவிலும் தெளிவாயின. மரபணு ஆய்வோ, இரண்டும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை என்றது. செவி சொன்னதைக் கண் பின்னரே ஒப்புக்கொண்டது.

2016-இல் காட்டுப் பூங்குருவிக்கு ‘ஸூத்தெரா ஸாலிமலீ’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. 1896-இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, 1987-இல் மறைந்த பறவையியல் மேதை ஸாலிம் அலியின் நினைவாகவே அப்பெயர். சிறுவராயிருக்கையில் தாம் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, இதை உண்பது ஹலாலா என ஐயுற்று மாமாவிடம் கொண்டுபோனார் அவர். மாமா அமீருத்தீன் தையப்ஜி அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். இன்னதென்று அறியாததைக் கேட்டறியாமல் விடலாகாது என்ற அந்த எண்ணமே பின்னர் அவருடைய வாழ்நாள் தொழிலாயிற்று.

அவரும் ரிப்ளியும் எழுதிய பத்துத் தொகுதிக் கையேட்டிலும் இப்பூங்குருவிகள் ஓரினமாகவே உள்ளன. இதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. அவர் அறியாது விட்டதற்கே அவர் பெயரை இட்டது பொருத்தமென்றே எனக்குப் படுகிறது.

இப்பறவை அப்பகுதியில் அரிதானதன்று. தேடிச் செல்வோர் கோடையின் தொடக்கத்தில், விடியற்காலையில் ஊசியிலைக் காட்டினுள் நின்று முதலில் செவிகொடுக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவர்.