வேலை கிடைத்தாயிற்று, பட்டம் எப்போது? அமெரிக்க நர்ஸ்களின் நூறாண்டுக் கேள்வி

அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்து, உரிமத் தேர்வில் தேறி, ஒரு பெண் நர்ஸாக வேலைக்குச் சேர்கிறாள். சேர்ந்த சில மாதங்களிலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும். இளநிலைப் பட்டத்துக்கு எப்போது திரும்பப் போவது? இப்போதேவா, மூன்று வருடம் கழித்தா, பிள்ளைகள் வளர்ந்த பிறகா? பார்த்தால் இது அவளுடைய வீட்டுக் கணக்கு போலத்தான் தெரியும். ஆனால் இந்தக் கேள்வியை அவள் முன் வைத்தது நூறு வருட வரலாறு. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

மருத்துவமனையே பள்ளிக்கூடம்

1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பெயரில் நர்சிங் பள்ளி தொடங்கியது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 1873ல் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய மூன்று ஊர்களில் பள்ளிகள் வந்தன. பிறகு இந்த முறை வேகமாகப் பரவியது. காரணம் சேவை மனப்பான்மை மட்டுமல்ல, சிக்கனமும்தான்! மாணவிகள் வார்டில் நாள் முழுக்க வேலை செய்வார்கள். மருத்துவமனை தங்க இடமும் சாப்பாடும் சிறு தொகையும் கொடுக்கும். படிப்பு முடிந்ததும் கையில் ஒரு டிப்ளமோ. படித்து முடித்தவர்களுக்கு அதே மருத்துவமனையில் வேலை கிடைப்பது அரிது. அடுத்த செட் மாணவிகள்தான் வந்துவிடுவார்களே! அதனால் பெரும்பாலோர் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துப் பிழைத்தார்கள்.

1909ல் மினசோட்டா பல்கலைக்கழகம் தன் கீழ் ஒரு நர்சிங் பள்ளியைத் தொடங்கியது. 1923ல் வெளியான கோல்ட்மார்க் அறிக்கை, மருத்துவமனையின் வேலைத் தேவைக்காக மாணவிகளின் படிப்பு பலியிடப்படுகிறது என்று வெளிப்படையாகவே சொன்னது. அதே வருடம் யேல் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பள்ளி வந்தது. இருந்தாலும் டிப்ளமோவின் ஆட்சி பல பத்தாண்டுகள் நீடித்தது. 1980ல்கூட அமெரிக்க நர்ஸ்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் உச்சத் தகுதி அந்த டிப்ளமோதான்.

இரண்டு வருடப் படிப்பு பிறந்த கதை

இரண்டாம் உலகப் போரில் நர்ஸ்களுக்குக் கடும் தட்டுப்பாடு. 1943ல் அரசே செலவை ஏற்றுக் கேடட் நர்ஸ் படையைத் தொடங்கி, 1,20,000க்கும் மேற்பட்டவர்களைப் படிக்க வைத்தது. போர் முடிந்தும் தட்டுப்பாடு தீரவில்லை. 1948ல் எஸ்தர் லூசில் பிரவுன் என்ற சமூக ஆய்வாளர், நர்சிங் கல்வி மருத்துவமனையை விட்டுக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று எழுதினார். 1951ல் மில்ட்ரெட் மான்டாக் ஒரு குறுக்கு வழி சொன்னார். உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரிகளில் இரண்டே வருடத்தில் நர்ஸை உருவாக்கலாம் என்பது அவர் யோசனை. 1952ல் சோதனை தொடங்கியது, வெற்றியும் பெற்றது. மணமானவர்கள், வயது கூடியவர்கள், ஆண்கள் என்று பழைய பள்ளிகள் ஒதுக்கியவர்களெல்லாம் உள்ளே வந்தார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மான்டாக் இதை ஏணியின் முதல் படியாக நினைக்கவில்லை; தன்னளவில் முழுமையான ஒரு தனிப் படிப்பாகத்தான் நினைத்தார். ஆனால் நடந்தது வேறு. இரண்டு வருடம் படித்தவரும் நான்கு வருடம் படித்தவரும் எழுதியது ஒரே உரிமத் தேர்வு, நின்றது ஒரே வார்டு. வித்தியாசம் பதவி உயர்வு வரும்போதுதான் தெரிந்தது. "திரும்பப் படிக்கப் போகலாமா?" என்ற கேள்வி பிறந்த இடம் இதுதான்.

வாசலா, கடிகாரமா?

1965ல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம், தொழில்முறை நர்ஸாக நுழைய இளநிலைப் பட்டமே குறைந்தபட்சத் தகுதி என்று அறிவித்தது. டிப்ளமோ பெற்ற லட்சக்கணக்கானவர்களுக்கு அது முகத்தில் அறைந்தது போல இருந்தது. சண்டை மூண்டது. 1987ல் வடக்கு டகோட்டா மாநிலம் மட்டும் துணிந்து இதை விதியாக்கியது. ஆனால் 2003ல் அதுவும் பின்வாங்கிவிட்டது.

அதே 2003ல்தான் லிண்டா எய்க்கன் குழுவின் ஆய்வு வந்தது. பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகள், 2,32,342 அறுவை சிகிச்சை நோயாளிகள். பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடும்போது, 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. பட்டம்தான் உயிரைக் காத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. தொடர்பு வேறு, காரணம் வேறு. ஆனாலும் அதுவரை கௌரவச் சண்டையாக இருந்த விஷயம், நோயாளியின் உயிர் பற்றிய விஷயமாக மாறியது.

2010ல் மருத்துவ நிறுவகம் என்ற ஆலோசனை அமைப்பு, 2020க்குள் 80 சதவீத நர்ஸ்கள் பட்டதாரிகளாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் 2022ல் எடுத்த கணக்கெடுப்பில் அந்த அளவு 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

நடுவில் 2017 டிசம்பரில் நியூயார்க் மாநிலம் புத்திசாலித்தனமான ஒரு சட்டம் போட்டது. இரண்டு வருடப் படிப்போடு வேலைக்கு வரலாம். உரிமம் பெற்றதிலிருந்து 10 வருடத்துக்குள் பட்டம் வாங்கிவிட வேண்டும். ஏற்கெனவே நர்ஸாக இருந்தவர்களுக்கு விலக்கு. 1965ல் சண்டை வாசலைப் பற்றியது. 2017ல் அது கடிகாரத்தைப் பற்றியதாகிவிட்டது. ஏழை வீட்டுப் பெண் நுழையும் கதவு அடைபடவில்லை, பட்டமும் கைவிடப்படவில்லை.

அப்படியானால் எப்போது?

சட்டம் கடைசித் தேதியைத்தான் சொல்லும். நல்ல நேரத்தைச் சொல்லாது. அதற்கு இரண்டு நூல்கள் உதவுகின்றன. கல்லூரியில் படித்ததற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி புது நர்ஸை எப்படி நிலைகுலைய வைக்கிறது என்று 1974ல் மார்லின் கிரேமர் எழுதினார். ஒரே மாதிரியான பணியில் இரண்டு மூன்று வருடம் இருந்த பிறகே நர்ஸ் 'தேர்ந்தவர்' என்ற கட்டத்துக்கு வருகிறார் என்று 1984ல் பாட்ரீசியா பென்னர் விளக்கினார். நைட் ட்யூட்டியும் புது வார்டும் பழகாத முதல் வருடத்தில் புத்தகத்தையும் தூக்கிக்கொள்வது பலருக்கு இரட்டைச் சுமை.

ஆனால் ஒன்பதாம் வருடம் வரை தள்ளிப்போடுவதும் நஷ்டக் கணக்குதான். பட்டத்தால் வரும் பலனை அனுபவிக்கும் வருடங்கள் குறைந்துகொண்டே போகும். வீட்டுப் பொறுப்புகளோ கூடிக்கொண்டே போகும். பல மருத்துவமனைகள் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருகின்றன. பதிலுக்கு இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், கை பழகிய இரண்டாவது மூன்றாவது வருடமே பெரும்பாலோருக்குப் பொருத்தமான காலம்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1946லேயே வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து படிக்க 'போஸ்ட் பேசிக்' படிப்பும் பின்னர் வந்தது.

ஒரு காலத்தில் மாணவியின் உழைப்பை வாங்கிக்கொண்டு மருத்துவமனை படிப்பைக் கொடுத்தது. இன்று நர்ஸ் தன் ஓய்வு நேரத்தையும் சம்பளத்தையும் கொடுத்துப் படிப்பை வாங்குகிறாள். அவள் படிப்பால் பிழைப்பது நோயாளி என்றால், செலவில் ஒரு பங்கை மருத்துவமனையும் அரசும் ஏற்பதுதானே நியாயம்?