குக் சாமியும் ஒரு ஆங்கில வாக்கியமும்

"ஹவாய் மக்கள் கேப்டன் குக்கைத் தங்கள் கடவுள் லோனோ என்று நம்பினார்கள்."

பசிபிக் தீவுகளின் வரலாற்றை ஆங்கிலத்தில் படிச்சவங்க இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவத்துல தாண்டித்தான் வந்திருப்பீங்க. எனக்கு இதுல உறுத்துறது கடவுள் சமாச்சாரம் இல்லை. "ஹவாய் மக்கள்"ங்கற எழுவாயும் "நம்பினார்கள்"ங்கற பயனிலையும்தான். எத்தனை பேர் நம்பினாங்க? யார் போய்க் கேட்டா? எந்த பாஷையில?

நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். ரெசல்யூஷன், டிஸ்கவரி என்ற இரண்டு கப்பல்களோடு குக் 1779 ஜனவரி 17 அன்று கியாலகேகுவா விரிகுடாவில் நங்கூரம் போட்டார். அது மகாஹிகி என்ற திருவிழாக் காலம், லோனோவுக்கு உரியது. பூசாரிகள் அவரை ஹிகியாவ் கோயிலுக்குக் கூட்டிப்போய், சிவப்புத் துணி போர்த்தி, பன்றி படைத்து ஒரு சடங்கு செய்தார்கள். "லோனோ" என்று அழைத்தார்கள். கப்பல்காரர்கள் காதில் அது "ஒரோனோ"ன்னு விழுந்தது. பிப்ரவரி 4 அன்று கிளம்பிப்போன கப்பல்கள், புயலில் ரெசல்யூஷனின் முன்பாய்மரம் பழுதாகி 11 அன்று திரும்பி வந்தன. 13 ராத்திரி டிஸ்கவரியின் படகு ஒன்று திருட்டுப் போனது. அதை மீட்க, மறுநாள் காலை அரசர் கலனியோபூவைப் பிணையாகப் பிடிக்கக் கரையிறங்கிய குக்கும், கூடப்போன கடற்படை வீரர்கள் நாலு பேரும் கொல்லப்பட்டார்கள்.

இதெல்லாம் கண்ணால் பார்த்து எழுதக்கூடியது. "நம்பினார்கள்" அப்படி இல்லையே. அது எங்கேருந்து வந்தது?

1784ல் வெளியான அதிகாரபூர்வ பயண நூலின் மூன்றாம் தொகுதியை எழுதியவர் அந்தக் கப்பலில் இருந்த ஜேம்ஸ் கிங். "ஒரோனோ"வுக்குச் சரியான அர்த்தம் என்னன்னு தங்களால் கண்டுபிடிக்கவே முடியலைன்னு அவரே ஒப்புக்கறார். சில சமயம் வானத்தில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒருத்தரைச் சொல்றாங்களாம். சில சமயம் அது அந்தத் தீவின் பெரிய மனிதர் ஒருத்தரோட பட்டமாம். அதாவது, இடத்திலேயே இருந்தவருக்குச் சந்தேகம் இருந்தது. பின்னாடி வந்தவங்களுக்குத்தான் சந்தேகம் போயிடுச்சு :-)

இன்னொரு உதாரணம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. விறகுக்காக, கோயிலைச் சுத்தியிருந்த மரவேலியை குக் விலைக்குக் கேட்கிறார். அவங்க தயக்கமில்லாம சம்மதிச்சாங்கன்னு எழுதறார் கிங். அதே கப்பல்களில் வந்த அமெரிக்கர் ஜான் லெட்யார்ட் 1783ல் போட்ட புத்தகத்தில், கோடரிகளை விலையாக நீட்டியும் அதிர்ந்துபோய் மறுத்தாங்க, குக் பலவந்தமா எடுத்துக்கிட்டார்ங்கறார். பல வரலாற்று ஆசிரியர்கள் லெட்யார்டை அவ்வளவா நம்பறதில்லை, அது வேற விஷயம். ஆனா பாருங்க, ஒரே ஊர், ஒரே வேலி, "அவர்கள்" மனசுல இருந்தது மட்டும் ரெண்டு!

வெள்ளைக்காரங்களுக்கு இந்தக் கதையில ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு. கிங் நினைச்சது வேற, மருத்துவர் சாம்வெல் நினைச்சது வேற. ஹவாய்க்காரங்களுக்கு மட்டும் மொத்தமா ஒரே மனசு. இத்தனைக்கும் கிங்கோட பக்கங்களிலேயே ஆட்கள் தனித்தனியா தெரியறாங்க. பலேயா என்ற தலைவரை ஒரு மாலுமி துடுப்பால் மண்டையில் போடுகிறான். கூட்டம் கல்லெறிய ஆரம்பிக்க, அடிவாங்கிய அதே பலேயா தடுத்து மாலுமிகளைக் காப்பாத்தறார். குக் செத்த பிறகு, இருட்டில் ரகசியமா கப்பலுக்கு வந்து அவர் உடலின் ஒரு பாகத்தைக் கொடுத்தவங்க பூசாரி தரப்பு. லோனோ எப்போ திரும்பி வருவார், வந்தா எங்களை என்ன செய்வார்னு பயத்தோட கேட்டதும் அவங்கதான். பிற்பாடு வேற சிலரும் இதையே கேட்டதா கிங் எழுதறார். ஆனா அன்னிக்குக் காலையில கத்தியை ஓங்கினவன் கிட்ட யாரும் போய்க் கேட்கலை.

(நம்ம தொழில்லயும் இது உண்டு. ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்ல "யூசர்கள் இதை விரும்புகிறார்கள்"னு இருக்கும். எந்த யூசர்னு துருவினா கடைசியில ஒரே ஒரு மேனேஜர்.)

1820ல் மிஷனரிகள் வந்தார்கள். குக் தன்னைக் கடவுளாகக் கும்பிட விட்டது பெரிய பாவம்னு ஹிராம் பிங்கம் 1847ல் கண்டிச்சு எழுதினார். வாக்கியம் கெட்டியாயிடுச்சு.

அதை உரக்கக் கேள்வி கேட்டவர் இலங்கைக்காரர், பிரின்ஸ்டன் பேராசிரியர் கணநாத் ஒபயசேகர. கேப்டன் குக்கைக் கடவுளாக்கியது ஹவாய்க்காரர்கள் இல்லை, ஐரோப்பியர்கள்தான் என்பது 1992ல் வந்த அவர் புத்தகத்தின் வாதம். ஹவாய்க்காரர்கள் குக்கை ஒரு தலைவராகத்தான் ஏத்துக்கிட்டாங்க, மாவி தீவோடு நடந்துட்டிருந்த சண்டைக்கு அரசருக்கு இவர் துணை தேவைப்பட்டதுங்கறார். அவர் முக்கியமாகத் தாக்கியது மார்ஷல் சாலின்ஸை. அவரும் சும்மா விடலை. 1995ல் ஒரு முழுப் புத்தகமே பதிலாக எழுதினார். எல்லாரும் நடைமுறை லாபத்தைப் பார்த்துத்தான் யோசிப்பாங்கன்னு சொல்றதே ஐரோப்பிய எண்ணம், அதை ஹவாய்க்காரங்க தலையில கட்டறீங்கன்னு திருப்பி அடிச்சார்.

ஒபயசேகரவைப் படிக்க எனக்கு உற்சாகமா இருந்தது, மறைக்கலை. ஆனா "ஹவாய் மக்கள் அப்படி நினைக்கவில்லை"ங்கறதும் அதே அச்சில் வார்த்த வாக்கியம்தான். எழுவாய் மாறவே இல்லை.

தவிர, "கடவுள்"னு மொழிபெயர்க்கப்பட்ட ஹவாய்ச் சொல் 'அகுவா'. தெய்வம், ஆவி, விக்கிரகம், உச்சத்தில் இருக்கிற தலைவர்னு எல்லாத்துக்கும் அது போகும். நமக்கு இது புரியாதா என்ன? மாலை போட்டவரை "சாமி"ன்னுதான் கூப்பிடறோம். "சாமி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க"ன்னு பஸ்ல சொல்றோம். இதைக் கேட்ட ஒரு கப்பல்காரர் "கறுப்பு வேட்டி கட்டியவர்களைத் தமிழர்கள் கடவுள் என்று நம்பினர்"னு எழுதினா? முழுப்பொய்னும் சொல்ல முடியாது. மாலை போட்டவங்க கால்ல விழறோமே. ஆனா மெய்யும் இல்லை.

தமிழ்ல இதுக்கு ஒரு விகுதி இருக்கு. "அவர் லோனோவாம்." இந்த 'ஆம்' வந்தா, சொல்றவன் பொறுப்பேத்துக்கலைன்னு அர்த்தம், கேக்கறவனும் உடனே "யாரு சொன்னா?"ம்பான். ஆங்கிலத்துல அதுக்குத் தனியா ஒரு வாக்கியத்துண்டு சேர்க்கணும், சேர்க்கறது எழுதறவர் இஷ்டம். மொழிபெயர்ப்பு வரலாற்றுப் புத்தகங்கள்ல நாமளும் "நம்பினர்", "கருதப்பட்டது"ன்னே எழுதிட்டுப் போறோம். 'ஆம்' போட்டா கிசுகிசு மாதிரி இருக்குன்னு யாரும் தொடறதில்லை.

உங்க கண்ணுல பட்ட இந்த மாதிரி "நம்பினார்கள்" இருந்தா பின்னூட்டத்துல போடுங்க. அஸ்டெக்குகளும் கோர்த்தெஸும் என் பட்டியல்ல ஏற்கெனவே இருக்கு, அது அடுத்த பதிவுக்கு.