பார்த்துத் தணியும் நோவு

பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரி வாசலில் ஊசிக்கு வரிசை பிடித்து நின்றவர்கள் நாம். முன்னே சென்றவர் சிரித்த முகத்தோடு வெளிவந்தால் நமக்கும் ஊசி அவ்வளவாக வலிப்பதில்லை. அவர் அலறினாலோ, ஊசியைக் காணுமுன்பே கை நோகத் தொடங்கிவிடும். இதை வெறும் பயங்கொள்ளித்தனம் என்றே எண்ணியிருந்தோம். சரித்திரமோ வேறு கூறுகிறது.

பாரிஸ் நகரில் மெஸ்மர் என்னும் வைத்தியர், காந்த சக்தியால் குணப்படுத்துவதாகக் கூறி, நோயாளரை ஒரு தொட்டியைச் சுற்றி அமர்த்திச் சிகிச்சை செய்தார். ஒருவருக்கு உடல் உதறினால் அடுத்தவருக்கும் உதறும். பதினாறாம் லூயி மன்னர் 1784-இல் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளின், லவோய்சியர் முதலியோர் இருந்தனர். கண்களைக் கட்டியும் சோதித்த அவர்கள், காந்த சக்தி என ஒன்றில்லை, கற்பனையும் பிறரைப் பார்த்துப் பின்பற்றுதலுமே காரணம் என்றனர். பார்த்ததாலேயே உடலில் இத்தனை மாறுதல் வருமாயின், அதுவல்லவோ ஆராயத்தக்கது!

அம்முறை நம் பக்கமும் வந்தது. வங்காளத்து ஹூக்ளியில் கும்பினியாரின் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் எஸ்டெயில், 1845 ஏப்ரல் 4-ந் திகதி, வலியால் துடித்த கைதி ஒருவரிடம் அதைப் பரீட்சித்தார். அதற்குமுன் அவர் அதைப்பற்றிப் படித்ததுண்டே தவிர நேரிற் கண்டதில்லை. எட்டு மாதங்களில் நோவின்றி 73 சத்திர சிகிச்சைகள் செய்ததாக எழுதினார். மயக்க மருந்து வராத காலம் அது! செய்தி பரவவே, பெருங்கட்டி சுமந்தோர் அவரைத் தேடி வந்தனர். இருட்டறையில் நோயாளர்மீது மணிக்கணக்காகக் கையசைத்தவர்கள் அவருடைய வங்காளி உதவியாளர்களே. கல்கத்தா ஐரோப்பிய வைத்தியர் சிலரோ, நோயாளிகள் நடிக்கிறார்கள் என்றனர். ஏழையின் வலியையும் நம்பார், வலி போனதையும் நம்பார்! 1846-இல் கல்கத்தாவில் இதற்கெனச் சோதனையாக ஓர் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஆனால் அவ்வாண்டே பாஸ்டனில் ஈதரும், 1847-இல் குளோரோபாமும் வந்துவிட்டன.

மருந்தில்லாத மாத்திரையை இன்று மருந்துப்போலி என்கிறோம். 2009-இல் இத்தாலியரான கொல்லோகாவும் பெனடெட்டியும் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். மின்னதிர்ச்சி பெறும் ஒருவர், பச்சை விளக்கெரிந்தால் வலி குறைவென்றும் சிவப்பெரிந்தால் அதிகமென்றும் காட்ட, மற்றவர்கள் பார்த்திருந்தனர். பின்னர் பார்த்தவர்களுக்கு இரு விளக்குக்கும் ஒரே அளவு அதிர்ச்சிதான் கொடுத்தார்கள். பச்சைக்கு வலி குறைவென்றே அவர்கள் கூறினர். தாமே அநுபவித்துப் பழகியவர்களுக்கு ஏற்பட்ட தணிவுக்கு இது ஏறத்தாழச் சமம். வாயாற் சொல்லிவைத்தது அவ்வளவு பலிக்கவில்லை. பிறர் துயருக்கு இரங்கும் மனத்தினரிடம் தணிவு மிகுதியாயிருந்தது.

எஸ்டெயிலின் வெற்றி முழுவதையும் இக்கணக்கில் எழுத நாம் துணியோம். பின்னால் வந்தோர், பிழைத்துப் போனவர்களைக் கண்டும் கேட்டும் வந்தனர். ஹூக்ளியின் முதற் கைதிக்கோ, பார்ப்பதற்கு முன்னே ஒருவரும் இருக்கவில்லை.