ஜிபிஎஸ் தரவு மாற்றம்: தாமிரபரணிப் படுகை

ஜிபிஎஸ் தரவு மாற்றம் என்பது, கைக்கருவியிலோ கைப்பேசியிலோ பதிவான இடங்களையும் நடந்த தடங்களையும் வீட்டுக் கணினியில் இறக்கி, பிற மென்பொருள்கள் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை. கோப்பை நகலெடுப்பது இதில் எளிய பகுதி. எண்களோடு சேர்ந்து வரவேண்டிய அடையாளங்கள், அதாவது எந்த அளவைச் சட்டகம், எந்த மண்டலம், எந்த ஊர் நேரம் என்பவை, வழியில் உதிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே உண்மையான வேலை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேரும் தாமிரபரணிக் கரையில் இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை. உலக வரைபடப் பகுப்பின் எல்லைக்கோடு ஒன்று இந்த ஆற்றை அதன் கடைசிப் பகுதியில் குறுக்கே வெட்டுகிறது.

இங்கே இந்தத் தரவு வீண்பொழுதுக்கு உரியதல்ல. மணிமுத்தாற்றில் இயங்கும் ஏட்ரீ நிறுவனத்தின் காப்பு மையமும் உள்ளூர் இயற்கை அமைப்புகளும் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகின்றன. தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். இந்தச் சீமையில் பெரியகுளம் என்ற பெயர் எத்தனையோ ஊர்களில் உண்டு. எந்தப் பெரியகுளம் என்பதை அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் ஐயமில்லாமல் சொல்லும். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையிலான எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்களைத் தொடர்ந்து நடப்பவர்க்கும், பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலத்தில் முடியும் நவகைலாயப் பயணத்தைப் பதிவதற்கும் இதே நிலைதான்.

கருவியிலிருந்து கணினிக்கு

கருவி பதிவது மூன்று வகை. நின்ற இடத்தைக் குறிப்பது வழிப்புள்ளி. நடக்க நடக்கத் தானே விழும் புள்ளிகளின் கோவை தடம். முன்கூட்டியே திட்டமிட்ட பாதை வழி. மாற்றும்போது தடத்தை வழியாக மாற்றினால் நேரக் குறிப்பு போய்விடும் என்பதால், இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

2000 மே 2 அன்று அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கிய பிறகுதான், நூறு மீட்டர் வரை தவறிய கைக்கருவி பத்து, பதினைந்து மீட்டருக்குள் வந்தது. ஒரு மடையை அடுத்த மடையிலிருந்து பிரித்துக் காட்டத் தொடங்கியது. அக்காலக் கருவிகள் ஒன்பது ஊசி சீரியல் கேபிளில் பேசின. இன்றைய மடிக்கணினிகளில் அந்தத் துளையே இல்லை. யுஎஸ்பி மாற்றி ஒன்றும் அதற்குரிய டிரைவரும் வேண்டும். கருவியிலும் மென்பொருளிலும் வேகமும் நெறிமுறையும் ஒன்றாக இருக்கவேண்டும். என்எம்இஏ என்னும் நெறிமுறைக்கு வழக்கமான வேகம் நொடிக்கு 4800 பிட். பிற்காலக் கார்மின் கருவிகள் பென்டிரைவ் போலவே கணினியில் தோன்றும். உள்ளே 'ஜிபிஎக்ஸ்' என்ற அடைவில் கோப்புகள் இருக்கும்.

பழைய கைக்கருவிகளில் ஒரு பொறி இருந்தது. நடந்து முடித்ததும் தடத்தைக் கருவியிலேயே 'சேவ்' செய்தால், நினைவகத்தை மிச்சப்படுத்த அது புள்ளிகளைக் குறைத்து நேரமுத்திரைகளையும் நீக்கிவிடும். சேமிக்காமல் விட்ட நடப்புப் பதிவில்தான் முழுத் தகவலும் இருக்கும். பத்திரப்படுத்தும் எண்ணத்தில் செய்கிற காரியமே தரவைக் குறைத்துவிடுகிறது.

2002-இல் டோப்போகிராஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜிபிஎக்ஸ் இன்று பொதுவடிவம். 2004-இல் வந்த 1.1 பதிப்பே பரவலாக வழங்குகிறது. எந்த எழுத்துச் செயலியிலும் திறந்து கண்ணால் படிக்கலாம் என்பது அதன் பெரிய நன்மை. கூகுள் எர்த்தின் கேஎம்எல், உடற்பயிற்சிக் கடிகாரங்களின் ஃபிட், கார்மினின் ஜிடிபி ஆகியவற்றுக்கிடையே மாற்ற ஜிபிஎஸ்பேபல் என்னும் கட்டற்ற மென்பொருளே போதும். வரைபடமாகப் பார்க்கவும் பரப்பளக்கவும் கியூஜிஐஎஸ் உதவும்.

வடிவம் மாறும்போது இலக்கங்களின் வரிசையும் மாறுகிறது. ஜிபிஎக்ஸ் அட்சரேகையை முதலில் எழுதுகிறது. கேஎம்எல்லும் ஜியோஜேசனும் தீர்க்கரேகையை முதலில் எழுதுகின்றன. கையால் எக்செல்லில் வெட்டி ஒட்டும்போது இது புரண்டுவிட்டால், திருநெல்வேலி ஸ்வால்பார்டுக்கு மேற்கே கிரீன்லாந்துக் கடலில் போய் விழும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். ஆபத்து சிறிய பிழையில் இருக்கிறது. 8 பாகை 43.5 கலை என்பதைத் தசமப் பாகையில் 8.725 என்று எழுதவேண்டும். 8.435 என்று எழுதிவிட்டால் புள்ளி தெற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் நகரும். 77 பாகை 42 கலையையும் அப்படியே 77.42 என்று எழுதினால் நகரத்துத் தெரு ஒன்று களக்காட்டுக்குத் தென்மேற்கே மலைக்குள் நிற்கும். அதே மாவட்டப் பக்கம்தானே என்று யாரும் ஐயப்படமாட்டார்கள்.

78-ஆம் பாகைக் கோடு

நீளத்தையும் பரப்பையும் மீட்டரில் அளக்கப் பாகைகளை யுடிஎம் ஆயங்களாக மாற்றுவது வழக்கம். இம்முறை உலகை ஆறு ஆறு பாகை அகலமுள்ள அறுபது மண்டலங்களாகப் பிரிக்கிறது. 43-ஆம் மண்டலம் கிழக்கே 78 பாகையில் முடிகிறது. 44 அங்கே தொடங்குகிறது. பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் 43-இல் அடங்கும். சேர்ந்தபூமங்கலமும் புன்னைக்காயலும் திருச்செந்தூரும் தூத்துக்குடியும் 44-இல் வரும். ஆழ்வார்திருநகரியைத் தாண்டிக் கடலை எட்டுமுன் ஆறு மண்டலம் மாறிவிடுகிறது.

கோட்டை ஒட்டி மேற்கே நிற்கும் ஒருவரின் கிழக்கு ஆயம் ஏறத்தாழ 8,30,000 மீட்டர். ஓரடி கிழக்கே எடுத்துவைத்தால் அது 1,70,000. வடக்கு ஆயம் மட்டும் அப்படியே இருக்கும். மண்டல எண் இல்லாத வெறும் இரண்டு எண்களை அட்டவணையில் சேமித்தவர் பின்னால் தவிக்கவேண்டியதுதான். புன்னைக்காயல் புள்ளியை 43 என்று நினைத்துத் திறந்தால் அது அரபிக்கடலில், மினிக்காய்த் தீவுக்கும் மேற்கே காணப்படும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை 44 என்று திறந்தால் அது இலங்கையையும் கடந்து வங்கக்கடலில் மிதக்கும்.

தீர்வு கடினமல்ல. மூலத்தை எப்போதும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்-84 சட்டகத்தின் பாகைகளாகவே (இபிஎஸ்ஜி குறியெண் 4326) வைத்திருக்கவேண்டும். அளக்கும்போது மட்டும் மண்டலத்துக்கேற்ப 32643 அல்லது 32644 என்ற குறியெண்ணுக்கு மாற்றவேண்டும். முழு ஆற்றையும் ஒரே படத்தில் காட்ட 43-ஐயே கடல் வரை நீட்டிக்கொள்வதில் தவறில்லை. கழிமுகத்தருகே நீளம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடிக் காட்டும், அவ்வளவுதான். கைக்கருவியின் பிழை அதைவிடப் பெரியது.

அச்சிட்ட தாள்களும் இதே கோட்டில்தான் பிரிகின்றன. இந்திய நில அளவைத் துறையின் பழைய எண்முறையில் மேற்குப் பக்கம் 58எச், கிழக்குப் பக்கம் 58எல். 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுத் தாள்களில் சி43, சி44. இரண்டுக்கும் இடையே இன்னொரு வேறுபாடும் உண்டு. பழைய தாள்கள் ஜார்ஜ் எவரெஸ்டின் 1830-ஆம் ஆண்டு நீள்கோளத்தை, அதாவது பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரியை, அடிப்படையாகக் கொண்டவை. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவையின் வழிவந்தவை. புதிய தாள்களும் ஜிபிஎஸ்ஸும் டபிள்யூஜிஎஸ்-84. பழைய தாளை ஸ்கேன் செய்து, அதன் ஓரத்தில் அச்சிட்ட பாகைகளை அப்படியே நம்பித் தடத்தை மேலே போட்டால், இப்பகுதியில் சுமார் 200 மீட்டர் விலகும். கால்வாய்க்கரையில் நடந்தவர் நடுவயலில் நடந்ததாகத் தெரியும். கருவி கெட்டுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

உயரமும் நேரமும்

உயரத்தில் இந்தப் பகுதிக்கே உரிய ஒரு வியப்பு உண்டு. உலகில் ஈர்ப்பின் காரணமாகக் கடல்மட்டம் மிக ஆழமாகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது; நீள்கோளத்திலிருந்து 106 மீட்டர் கீழே. அதன் விளிம்பு தென் தமிழகத்தையும் இறக்குகிறது. ஆகவே புன்னைக்காயல் மணலில் நிற்கும்போது, நீள்கோள உயரத்தைத் தரும் ஆண்ட்ராய்டு செயலி கழித்தல் 90 மீட்டருக்கும் கீழே காட்டக்கூடும். கைக்கருவிகள் பெரும்பாலும் திருத்தம் செய்து கடல்மட்ட உயரத்தையே தருகின்றன. இரண்டு தடங்களையும் ஒரே கோப்பில் இணைத்தால் சமவெளியில் பள்ளத்தாக்கு முளைத்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது, ஸ்ரீவைகுண்டம் துண்டிக்கப்பட்டது. அத்தகைய வெள்ளத்தின் மட்டத்தைக் குறிக்க விரும்புவோர் ஜிபிஎஸ் உயரத்தை நம்பக் கூடாது. அதன் பிழையே பல மீட்டர். வீட்டுக்குள் ஏறிய நீரின் உயரம் அதற்குள் மறைந்துவிடும். இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு, சுவரிலுள்ள நீர்க்கறையைத் தரையிலிருந்து டேப்பால் அளந்து குறிப்புப் பகுதியில் எழுதுவதே சரி.

ஜிபிஎக்ஸ் நேரம் இந்திய நேரமல்ல, உலகப் பொதுநேரம்; நம்மைவிட ஐந்தரை மணி பின்னால். பறவை பார்க்க விடியற்காலம் ஐந்து மணிக்குக் குளத்தங்கரைக்குப் போனவரின் முதல் புள்ளி முந்தைய நாள் இரவு 23:30 என்று பதிவாகியிருக்கும். தேதிவாரியாகக் கோப்பை வெட்டினால் ஒரே காலை இரண்டு நாளாகப் பிளக்கும். கேமரா நேரத்தைத் தடத்தோடு பொருத்திப் படங்களுக்கு இடம் சேர்ப்பவர்களும் தடத்தின் நேரத்தோடு இந்த ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் கூந்தன்குளத்தில் எடுத்த நாரையின் படம், பிற்பகலில் வீடு திரும்பும் வழியில் எங்கோ ஒட்டிக்கொள்ளும். 1024 வாரத்துக்கு ஒருமுறை ஜிபிஎஸ் வார எண் சுழியத்துக்குத் திரும்பும்; கடைசியாக 2019 ஏப்ரல் 6-இல் திரும்பியது. அதன்பின் சில பழைய கருவிகள் தேதியை ஏறத்தாழ இருபதாண்டு பின்னுக்குத் தள்ளி எழுதுகின்றன. இடம் சரியாகவே இருக்கும். தேதியை ஜிபிஎஸ்பேபலில் நகர்த்திக்கொள்ளலாம்.

ஊர்ப் பெயர்கள்

பழைய கருவிகள் வழிப்புள்ளிக்கு ஆறு ஆங்கில எழுத்துகளே இடம் தந்தன. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கருங்குளமும் சாத்தான்குளம் பக்கத்துக் கருங்கடலும் அதில் ஒரே பெயர். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே, நினைவு மங்குமுன், முழுப்பெயரைத் தமிழில் எழுதிவைப்பது நல்லது. ஜிபிஎக்ஸ் யூனிகோடு ஏற்பதால் தமிழ் அதில் சேதமின்றி நிற்கும். சிஎஸ்வி கோப்பாக மாற்றி எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறக்கும்போதுதான் பெரும்பாலும் எழுத்துகள் சிதைகின்றன; இறக்குமதி வழியாக யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்தால் சிதையாது.

ஷேப்ஃபைல் வடிவம் இன்னும் குறுகலானது. அதில் நெடுவரிசைத் தலைப்புக்குப் பத்து பைட்டுகளே இடம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு எடுக்கும். புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். 'ஊர்' என்ற தலைப்பு ஒன்பது பைட்டில் அடங்கிவிடும். 'குளம்' பதினைந்து, அடங்காது, பாதியில் முறியும். ஜியோபேக்கேஜ் கோப்பாகச் சேமித்தால் குளம், மடை, கால், மறுகால் எல்லாம் முழுச்சொல்லாகவே நிற்கும்.