குவியமும் ஒளியும் தூரமும்

காட்டு விலங்கைப் படமெடுப்பவருக்கு இரண்டு கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். ஒன்று குவியம், மற்றொன்று ஒளியளவு. மூன்றாவதாக ஒன்று உண்டு: தூரம். நெருங்கினால் படம் துலங்கும். ஆனால் விலங்கு மிரளும், மனித உயிருக்கும் உத்தரவாதமில்லை. காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் வரலாறே இம்மூன்றையும் சமன் செய்ய முயன்றவர்களின் வரலாறுதான்.

அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ், ஒஜிப்வே பழங்குடியினரின் இரவு வேட்டை முறையைக் காமிராவுக்குப் பழக்கினார். படகின் முனையில் விளக்கு. கரையில் அதை வெறித்தபடி நிற்கும் மான். மக்னீசியப் பொடியின் ஒரு கண மின்னல். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. இதழ் வெறும் படப்புத்தகமாகிவிட்டது என்று நிர்வாகக் குழுவினர் இருவர் பதவி விலகினர்!

இந்தியாவில், ஐக்கிய மாகாணத்தின் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் வேறொரு வழியைக் கண்டார். புலி வரும் தடத்தில் கம்பியைக் கட்டி, புலியே தன்னைப் படமெடுத்துக்கொள்ளச் செய்தார். இம்முறையில் புலி எங்கே கால் வைக்கும் என்பதை ஊகித்து, அவ்விடத்திற்குக் குவியத்தை முன்பே நிறுத்திவிட வேண்டும். ஒளியளவைத் தீர்மானிப்பது பொடியின் வெடிப்பும் லென்ஸின் திறப்பும். தவறினால் திருத்த இயலாது. ஆனால் அந்நேரத்தில் மனிதன் அங்கே இல்லை, அதுவே பாதுகாப்பு. அவருடைய புலிநாட்டு நூல் 1927இல் வெளிவந்தது. ஜிம் கார்பெட் காமிராவின் பக்கம் திரும்பியதில் சாம்பியனுக்குப் பங்குண்டு.

நம்மவரான மா. கிருஷ்ணன் (1912-1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், பகலில் நேருக்கு நேர் நின்றார். தாமே இணைத்து அமைத்துக்கொண்ட கனத்த காமிரா, கறுப்பு வெள்ளை பிலிம். அவர் விரும்பிய யானையோ ஒளியளவுக்குப் பெருஞ்சோதனை. ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும். கருந்தோல் சட்டத்தை நிறைத்தால் கூடுதல் ஒளியைக் கேட்டு யானையை வெளிறச் செய்யும். இலைகளினூடே விழும் வெயில் திட்டுகளுக்கு அளந்தால் யானை வெறும் கரும்பாறையாகும். எனவே தோலின் சுருக்கங்கள் தெரியும்படி கண்ணாலும் அனுபவத்தாலும் கணிக்க வேண்டும். தொலைலென்ஸில் தெளிவின் ஆழமும் குறைவு. துதிக்கையில் குவிந்தால் கண் மங்கும். இத்தனைக்கும் நடுவே காற்றின் திசை, காதின் அசைவு, பின்வாங்க வழி ஆகியவற்றையும் பார்த்திருக்க வேண்டும். விலங்கின் குணத்தை அறிந்தவருக்கே இது கைகூடும்.

அறிந்தவரும் தப்பாததுண்டு. பிரிட்டிஷ் பறவைப் புகைப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங், 1937இல் கூட்டைக் காத்த ஆந்தை ஒன்றின் தாக்குதலில் இடது கண்ணை இழந்தார். மீண்டும் காமிராவை எடுத்தார் என்பது அவருடைய பெருமை. கூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது நமக்கான பாடம்.

இன்றைய காமிரா விலங்கின் கண்ணைத் தானே கண்டு குவிக்கிறது. மங்கிய ஒளியிலும் நொடிக்குப் பல படங்கள் தருகிறது. முதலிரு கணக்குகளையும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. மூன்றாவதை அது ஏற்காது. எங்கே நிற்பது, எப்போது திரும்பிவிடுவது என்பது இன்றும் மனிதரின் பொறுப்பே. எடுக்காமல் விட்ட படமும் காட்டுக்குச் செய்த மரியாதைதான்.